மலைச்சாரலின் வாலிபருக்கு: உரிமையும் கடமையும்

மலைநாட்டு இருப்புப் பாதை பதுளைப் புகையிரத நிலையத்துடன் முடிவடைகின்றது. 1924ஆம் ஆண்டில் அப்பாதை இங்கு வந்து சேர்ந்தபோது, ஊவாத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்வதே அதன் பெரிய வேலையாயிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில் நாம் அந்நிலைய மேடையில் நின்றுகொண்டிருந்தோம். தோளில் ஒரு பையும், பைக்குள் தாயார் கட்டிக் கொடுத்த ரொட்டியும் சம்பலுமாக, இருபதுக்கு மேற்பட்ட வாலிபர் வண்டிக்காகக் காத்து நின்றனர். ஒருவன் புடவைக் கடைக்குப் போகின்றான். மற்றொருவன் சாப்பாட்டுக் கடைக்குப் போகின்றான். யுவதிகள் இருவர் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகின்றனர்.

"தம்பி, தோட்டத்திலே வேலை இல்லையா?" என்று ஒருவனிடம் வினவினோம்.

"வேலை இருக்குதுங்க ஐயா. மரியாதைதான் இல்லீங்க" என்றான்.

அவன் வண்டியேறிப் போய்விட்டான். அவன் சொன்ன சொல் மட்டும் நம்முடன் தங்கிவிட்டது. இளைஞர்களின் உரிமைகளையும் கடமைகளையும் பற்றி இன்று மேடைதோறும் பேசுகின்றோம். "முதலில் கடமையைச் செய், உரிமை தானாக வரும்" என்பர் பெரியோர். "கடமையைச் சொல்லிச் சொல்லியே எங்களைக் குனிய வைத்தீர்கள்" என்பர் இளையோர். இவ்விரு கட்சிகளில் எதன் பக்கம் நியாயம் இருக்கின்றது? பதுளையையும் அதனைச் சூழ்ந்த பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை, கொஸ்லந்தை மலைகளையும் அறியாமல் இவ்வினாவுக்கு விடை கூற இயலாது.

கடமை முந்தியது, உரிமை பிந்தியது

பிற நாடுகளில் உரிமையும் கடமையும் ஒரே வண்டியின் இரு சில்லுகள் எனச் சொல்வதுண்டு. ஊவாத் தோட்டங்களிலோ வண்டி நெடுங்காலம் ஒரே சில்லிலேதான் ஓடிற்று. 1927ஆம் ஆண்டின் சம்பளச் சட்டம் ஆண், பெண், சிறுவர் என மூவகையாகக் கூலியை வகுத்தது. பத்து வயது நிரம்பிய பிள்ளைக்கு அச்சட்டத்தில் வேலையும் உண்டு, கூலியும் உண்டு. அப்பிள்ளைக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் உண்டா என்பதைக் கேட்பார்தாம் அதிகம் இருக்கவில்லை.

1931இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு அது பல வரையறைகளுடனேயே கிடைத்தது. ஆயினும் கிடைத்த வாக்கை அவர்கள் வீணாக்கவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா பதுளையிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் தேதி அமலுக்கு வந்தது. மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோர் அதன்படி இந்நாட்டின் பிரஜைகள் அல்லர் என்றாயிற்று. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று.

இங்கே ஒரு விசித்திரத்தை மாணவ நேயர்கள் கவனிக்க வேண்டும். அச்சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாதமேனும் கழியுமுன், 1948 டிசம்பர் 10ஆந் தேதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நாட்டின் பிரஜையாயிருக்கும் உரிமை உண்டு என்று அதன் 15ஆவது பிரிவு கூறுகின்றது. இலங்கை அப்போது அச்சபையில் உறுப்பு நாடன்று. 1955இலேதான் அதிற் சேர்ந்தது. பாரிஸ் நகரிலே உலகத்தார் இதைப் படித்துக் கைதட்டிய வேளையில், பதுளை மலைகளிலே கொழுந்து கொய்துகொண்டிருந்தோர் எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லை.

1959இல் நாட்டின் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. இளைஞர் அரசியலுக்கு வந்த பொற்காலம் என அதனைப் பலர் புகழ்ந்தனர். ஆனால் தோட்டத்து வாலிபருட் பெரும்பாலோருக்குப் பதினெட்டும் ஒன்றுதான், எண்பதும் ஒன்றுதான். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோராகக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கே வாழ விரும்புகின்றாய் என்று அந்த வாலிபனிடம் எவரும் முதலிற் கேட்டுவிட்டுக் கணக்குப் போடவில்லை. தேயிலையை ஏற்றிய அதே புகையிரதம் குடும்பங்களையும் ஏற்றிச் சென்றது. அண்ணன் தலைமன்னார் வழியே கடல் கடந்தான். தங்கை லயத்திலேயே தங்கினாள்.

பின்னர் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களால் இந்த அநீதி படிப்படியாக நீங்கிற்று. ஆகவே இன்று தோட்டத்தில் 18 வயதை எட்டும் பிள்ளை பிறப்பிலேயே பிரஜை, வாக்காளன். அவனது பாட்டன் 1949இல் இழந்ததை, பல்லாண்டுக் காலப் போராட்டத்தின் பின்னர் அவன் பெற்றிருக்கின்றான். அதை அவன் அறிந்திருக்கின்றானா என்பதே நமது கவலை.

ஊவா தந்த முன்மாதிரிகள்

உரிமை கோருதல் என்றாற் கல்லெறிதல் எனச் சிலர் கருதுகின்றனர். ஊவாவின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் வேலைநிறுத்தங்களின்போது, பதுளையை அடுத்த வெவெஸ்ஸத் தோட்டத்துத் தொழிலாளர் தமக்குள்ளே வாக்கெடுத்து ஒரு சபையைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையுடன் கலந்து நடப்பதாகத் துரையும் ஒப்புக்கொண்டார். எழுத்தறிவு குன்றியிருந்த மக்கள், எவரும் கற்பிக்காமலே, பிரதிநிதித்துவம் என்பதைத் தாமாகக் கற்றுக்கொண்டனர். உரிமையைக் கேட்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்னொரு முன்மாதிரி பேனா பிடித்தவர். 1934இல் பதுளைப் பகுதியின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த ஜோசப் என்பவர், தெளிவத்தைத் தோட்டத்திலே ஆசிரியராகப் பணி புரிந்தார். கதை எழுதத் தொடங்கியபோது அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டார். தோட்டத்தான் என்று சொல்லப்படுவதை மறைக்கப் பலர் முயன்ற காலம் அது. அவர் தோட்டத்தின் பெயரை மகுடமாகச் சூடினார். 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலைத் தந்தார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. 2022இல் அவர் மறைந்தபோது தெளிவத்தை என்ற சிறு தோட்டத்தின் பெயரைத் தமிழ் படிக்கும் உலகம் அறிந்திருந்தது. புகையிரத மேடையிலே நம்மிடம் பேசிய வாலிபன் தேடிப் போன மரியாதையை, ஜோசப் தாம் பிறந்து வளர்ந்த மண்ணுக்கே தேடித் தந்தார்.

பள்ளிக்கூடத்தின் வாசல்

1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் அந்த வெளிச்சத்துக்கு வெளியே நின்றன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு. அதற்குமேற் படிக்க மலை இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும். 1970களில் அரசாங்கம் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. இன்றைய சட்டப்படி 16 வயது வரை கல்வி கட்டாயம்; 2016இல் அவ்வெல்லை 14இலிருந்து உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. அபாயகரமான வேலைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். திருமணத்துக்கும் பொதுச் சட்டப்படி 1995 முதல் 18 வயது. 2005ஆம் ஆண்டு முதல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கின்றது.

எனவே, பதினான்கு வயதுச் சிறுமியைக் கொழும்பிலே ஒரு வீட்டுக்குப் பணிப்பெண்ணாக அனுப்புவது வறுமையின் விளைவு மட்டுமன்று; அது சட்டத்துக்கும் விரோதம். பெற்றோரை மாத்திரம் குறை கூற நாம் துணியோம். அரைப்பேர் விழுந்த மாதத்தில் அடுப்பு எப்படி எரியும் என்பதை மேடையிற் பேசுவோர் அறியார். ஆனால் அச்சிறுமியின் கல்வி தந்தையார் கொடுக்கும் தர்மமன்று, அவளுக்குரிய பங்கு. பங்கை விற்கும் அதிகாரம் அண்ணனுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை.

மாணவருக்கும் இங்கே ஒரு கடமை இருக்கின்றது. பசறையிலும் லுணுகலையிலும் பண்டாரவளையிலும் உயர்தரம் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் தன் லயத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும். பாடசாலைக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளை ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும். அப்பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்கும் வாசிப்பும் சொல்லிக் கொடுத்தால், அரசாங்கத்தின் எந்தத் திட்டமும் தராத பயனை அது தரும்.

ஒரு கடிதத்தின் கதை

உரிமை வேறு, கடமை வேறு என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவள் ஒரு பள்ளி மாணவி. மடுல்சீமைப் பாதையிலுள்ள ஒரு தோட்டத்திற்கு நாம் போயிருந்தபோது, ஓய்வு பெற்ற ஒரு மூதாட்டி கையில் ஓர் அரசாங்கக் கடிதத்துடன் லயத்து வாசலில் அமர்ந்திருந்தார். அது ஊழியர் சேமலாப நிதி சம்பந்தமான கடிதம். கடிதம் சிங்களத்தில் இருந்தது. அவருக்குத் தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வரும்.

"பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரட்டுங்க. அதுதான் படிச்சுச் சொல்லும்" என்றார்.

பேத்தி வந்தாள். புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். பாடசாலையில் இரண்டாம் மொழியாகக் கற்ற சிங்களம் அவளுக்குக் கைகொடுத்தது.

"ஒண்ணும் பயப்படாத அம்மாயி. பேருல ஒரு எழுத்து மாறி இருக்காம். பொறப்புப் பத்திரம் கேக்குறாங்க, அவ்வளவுதான்" என்றாள்.

அத்துடன் அவள் நிற்கவில்லை. கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கேட்ட விபரத்தைத் தமிழிலேயே எழுதினாள். கடைசியில், "என் பாட்டியார் தமிழ் மாத்திரம் அறிந்தவர். இனிமேல் அவருக்குத் தமிழிற் கடிதம் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்தாள். ஏன் அவ்வாறு எழுதினாய் என்று கேட்டோம். "எனக்குக் கல்யாணமாகிப் போயிட்டா, அம்மாயிக்கு யாருங்க படிச்சுச் சொல்லுவாங்க?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

சில வாரங்களின் பின் பதில் தமிழில் வந்ததாக அறிந்தோம். அதே லயத்தில் மற்றொருவருக்கு வந்த கடிதமும் தமிழிலேயே இருந்ததாம். கடிதத்தைப் படித்துச் சொன்னது அவளது கடமை. தமிழிற் பதில் கேட்டது அவளது குடும்பத்தின் உரிமை. ஒரே தாளில் ஒரே பேனாவால் இரண்டையும் அவள் எழுதிவிட்டாள்.

அவள் கேட்டது சலுகையன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் ஆட்சிமொழியாயிற்று. அரசாங்க அலுவலகத்துடன் தமிழில் எழுத்துத் தொடர்பு கொண்டு தமிழிற் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பே தந்திருக்கின்றது. பதுளை மாவட்டத்தின் பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை போன்ற பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு பிரஜை பொது அலுவலகம் ஒன்றிடம் எழுத்து மூலம் தகவல் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டாலும் உதவ வேண்டும் என்பது சட்டம். தோட்டப் பாதை ஏன் செப்பனிடப்படவில்லை என்று பிரதேச சபையைக் கேட்கவும் இப்போது வழி பிறந்திருக்கின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் தோட்டப் பகுதிகளுக்குப் பணம் செலவிடத் தடையாயிருந்த 33ஆவது பிரிவு 2018இலே திருத்தப்பட்டுவிட்டது.

தேசிய அடையாள அட்டை 15 வயதில் எடுக்க வேண்டியது. பாடசாலையிற் படிப்போருக்கு அதிபர் உதவுவார். இடைநடுவே படிப்பை விட்டவர்களே தவறிவிடுகின்றனர். அட்டையின்றேல் பரீட்சையில்லை, உத்தியோகமில்லை, வங்கிக் கணக்குமில்லை. தன்னுடன் படித்து நின்றுவிட்ட நண்பனைக் கிராம உத்தியோகத்தரிடம் அழைத்துச் செல்வது ஒரு நாள் வேலை. அவ்வொரு நாள் அவன் வாழ்நாளை மாற்றிவிடக் கூடும்.

மண் சொல்லும் எச்சரிக்கை

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர்; திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் அபாயமானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தனர். தப்பியோரிற் பலர் மாக்கல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நெடுநாள் தங்க நேர்ந்தது. 2016இலே அவர்களுக்குப் புது வீடுகள் கிடைத்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கொணர்ந்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது.

பாதுகாப்பான இடத்தில் வாழ்வது உரிமை. அதை வழங்க வேண்டியோர் அரசாங்கத்தாரும் தோட்ட நிருவாகத்தாருமே; அப்பொறுப்பை இளைஞர் தலையிற் சுமத்த நாம் ஒருப்படோம். எனினும் அவர்கள் வரும்வரை மழை காத்திருக்காதே! 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும்; 100 மில்லிமீற்றரானால் வெளியேறத் தயாராக வேண்டும்; 150 மில்லிமீற்றரானால் வெளியேறிவிட வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த எல்லை. மழைமானி ஒன்றைப் பாடசாலை முற்றத்தில் வைத்து, மழை நாளில் அளந்து லயத்தாருக்கு அறிவிப்பது மாணவர் சங்கத்தால் ஆகாத காரியமா? நிலத்திலும் சுவரிலும் புதிதாக விழும் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று நீர் ஆகிய இவை மண் நமக்கு எழுதும் கடிதங்கள். அவற்றைப் படித்துச் சொல்லவும் ஒரு பேத்தி வேண்டும். 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்க ஒரு தம்பி வேண்டும்.

பெரியோருக்கும் ஒரு வார்த்தை

"இக்காலத்துப் பிள்ளைகள் சொற்கேளார்" என்ற குறையை நாமும் கேட்டிருக்கின்றோம். கையிலுள்ள தொலைபேசியிலிருந்து கண்ணெடுக்காத வாலிபரும் உண்டு. மாலையில் மதுவைத் தேடிப் போவோரும் உண்டு. இதனை மறைத்து இளைஞரைப் புகழ்வது நன்மையாகாது. ஆனால் தோட்டக் கமிட்டியிலும் கோயிற் சபையிலும் மரண உதவிச் சங்கத்திலும் இருபத்தைந்து வயதுக்குட்பட்டோர் எத்தனை பேர்? அவர்களிற் பெண்கள் எத்தனை பேர்? திருவிழாவுக்குத் தேர் இழுக்கவும், தேர்தலுக்குச் சுவரொட்டி ஒட்டவும் மாத்திரம் அழைத்துவிட்டு, பொறுப்பில்லை எனக் குறை கூறல் நியாயமாகுமா? பொறுப்பைக் கொடுத்தாலன்றிப் பொறுப்பு வராது.

1991இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆவது பிரிவு, தன்னைப் பற்றிய காரியங்களில் தன் கருத்தைக் கூறப் பிள்ளைக்கு உரிமையுண்டு என்கின்றது. இளைஞர் நலனை விசேட அக்கறையுடன் பேணுவது அரசின் பொறுப்பு என நம் அரசியலமைப்பும் கூறுகின்றது. அதே அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு, பிறர் உரிமையை மதித்தலும் பொதுச் சொத்தையும் இயற்கையையும் காத்தலும் ஒவ்வொருவர் கடமையென விதிக்கின்றது. நாம் முன்னே குறிப்பிட்ட மனித உரிமைப் பிரகடனமும் உரிமைகளையெல்லாம் எடுத்துரைத்துவிட்டு, தன் 29ஆவது பிரிவிலே சமுதாயத்துக்கு மனிதன் ஆற்ற வேண்டிய கடமையை நினைவூட்டுகின்றது. அவ்வரிசை பொருள் பொதிந்தது. மனிதனை மனிதனாக மதித்த பின்னரே அவனிடம் கடமையை எதிர்பார்க்கலாம்.

ஆகவே, நாம் தொடங்கிய வினாவுக்கு விடை இதுவே. ஊவாத் தோட்டத்து இளைஞரை நோக்கி, "முதலிற் கடமையைச் செய்" என்று சொல்லும் தகுதி இச்சமுதாயத்துக்கு இல்லை. அவரது முன்னோர் அக்கடமையை வட்டியுடன் செலுத்திவிட்டனர். அதேவேளை, போராடிப் பெற்ற உரிமையைப் பயன்படுத்தாமல் துருப்பிடிக்க விடும் தகுதி இளைஞருக்கும் இல்லை. வாக்காளர் இடாப்பிற் பெயர் பதியாத வாக்குரிமை, 1949இற் பறிக்கப்பட்ட வாக்குரிமைக்கு எவ்வகையிலும் மேலானதன்று.

பதுளை நிலைய மேடையில் நாம் சந்தித்த தம்பி இப்போது எங்கே இருக்கின்றானோ, அறியோம். அவன் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும் என நாம் சொல்லவில்லை. எங்கு வாழ்வது என்பதும் அவன் உரிமையே. ஆனால் விடுமுறைக்கு அவன் வீடு வரும் நாளில், லயத்து வாசலில் ஒரு கடிதத்துடன் யாராவது அமர்ந்திருக்கக் கூடும். அவன் அருகே அமர்ந்து அதைப் படித்துச் சொல்லட்டும். பதிலையும் அவனே எழுதட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. இதைப் படிக்கும் பிள்ளைகள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, அடுத்த காம்பிராவின் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.